ஆப்பிரிக்க சிக்லிட்: இனத்தையும் நிறவகையையும் அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இரு பக்கமும் ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. சென்னை கொளத்தூரிலிருந்து வரும் பெட்டி பொள்ளாச்சியில் பிரிகிறது. அங்கே வாங்கிய ஜோடி கொழிஞ்சாம்பாறையில் குஞ்சு பொரிக்கிறது. அந்தக் குஞ்சுகள் பாலக்காட்டுக் கடைக்குப் போகின்றன. இத்தனை கை மாறுவதற்குள் மீனின் சரியான பெயர் வழியில் எங்கோ தொலைந்துவிடுகிறது. மஞ்சளாக இருந்தால் எலக்ட்ரிக் யெல்லோ, நீலமாக இருந்தால் எலக்ட்ரிக் புளூ என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிக்லிட் என்றால் எது? ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் ஆப்பிரிக்க மீன்களா?

இல்லை. ஆஸ்கார் தென் அமெரிக்க சிக்லிட். ஃப்ளவர்ஹார்ன், மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து மனிதர் உருவாக்கிய மீன். இரண்டையும் ஆப்பிரிக்க மீன்களோடு ஒரே தொட்டியில் விடாதீர்கள்.

சிக்லிட் ஒரு பெரிய குடும்பம். நம் வீடுகளில் குழம்பு வைக்கும் ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் சிக்லிட்தான், ஆனால் அது நம் நீர்நிலைகளுக்கே உரியது.

குடும்ப அடையாளத்தைப் பழகிக்கொள்ள மீன் சந்தையே போதும். ஒரு ஜிலேபிக் கெண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூக்கில் பக்கத்துக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும். ரோகு போன்ற மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு. அடுத்து, செவுள் மூடிக்குப் பின்னால் தொடங்கும் பக்கக்கோட்டை விரலால் தொடருங்கள். முதுகை ஒட்டியே ஓடி, வாலை நெருங்கும் முன் அது அறுந்துவிடும். பிறகு சற்றுக் கீழே, நடு உடலில் மறுபடி தொடங்கி வால்வரை போகும். ஒற்றை மூக்குத்துளையும் அறுந்த பக்கக்கோடும் சேர்ந்து இருந்தால் சிக்லிட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ஏரி மீன் என்று தெரிந்தால்தான் இனத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று வருவதில் பெரும்பகுதி மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரிகளைச் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் உருவாகியிருக்கின்றன. மலாவி ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம். டாங்கனிக்கா சுமார் 1,470 மீட்டர், உலகின் ஏரிகளில் ஆழத்தில் இரண்டாவது. பரப்பில் ஆப்பிரிக்காவிலேயே பெரியதான விக்டோரியா, ஆழத்தில் 80 மீட்டர் அளவுதான்.

நம் பக்கம் கிடைப்பவற்றில் மலாவி மீன்களே அதிகம். அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பாறையை ஒட்டி வாழ்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும் கட்டைக் குட்டையான மீன்கள் 'ம்புனா'. பாறையும் மணலும் சேரும் இடத்தில் வாழும் ஆலோனோகாரா மீன்கள் 'பீகாக்'. திறந்த நீரிலும் மணற்பரப்பிலும் திரியும், பெரும்பாலும் நீண்ட உடல் கொண்ட மற்றவை 'ஹாப்'. உங்கள் மீன் இந்த மூன்றில் எது என்று முடிவுசெய்யாமல் இனப்பெயருக்குத் தாவ வேண்டாம்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

முடியாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காமல் சொல்வேன், ஏனென்றால் தவறுகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன.

கென்யி என்று விற்கப்படும் மேலாண்டியா லொம்பார்டோயைப் பாருங்கள். குஞ்சுகள் எல்லாமே கரும்பட்டை போட்ட வெளிர்நீலம். பெண் மீன் வாழ்நாள் முழுதும் நீலமாகவே இருக்கும். ஆண் வளர வளரப் பொன்மஞ்சளாக மாறிவிடும். சிண்டோங்கோ சவுலோசியில் இது தலைகீழ்: குஞ்சும் பெண்ணும் மஞ்சள், ஆண் கரும்பட்டையோடு நீலம். மெலனோக்ரோமிஸ் அவுராட்டஸில் பெண்ணும் குஞ்சும் மஞ்சள் உடலில் கறுப்பு நீளக்கோடுகளோடு இருக்கும். தொட்டியை ஆளும் ஆண், கறுத்த உடலில் வெளிறிய கோடுகளாக மாறும். ஒரே வீட்டுத் தொட்டியில் பிறந்த அண்ணன் தங்கையை இரண்டு வேறு இனம் என்று சொல்லி இரண்டு விலைக்கு விற்பதை நம் ஊர்க் கடைகளிலேயே பார்க்கலாம்.

ஒரே மீனும் எப்போதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. பயந்தால் வெளிறும், தோற்றால் பட்டைகள் எழும், பெண்ணை அழைக்கும்போது பளபளக்கும். ஆளும் ஆணை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், இரண்டாம் இடத்தில் அடங்கிக் கிடந்த ஆண் சில நாட்களிலேயே முழு நிறம் பூணும்.

இதற்கெல்லாம் மேலே கடையின் விளக்கு இருக்கிறது. நீல எல்இடி வெளிச்சத்தில் எந்த மீனும் நீலம்தான். வாங்கும் முன் "சேட்டா, வெள்ளை லைட் போடுங்கள்" என்று கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது?

முதலில் உடலின் வடிவம், அடுத்து வாய், அதற்கடுத்து கோடுகளின் அமைப்பு, கடைசியாக நிறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வாய் நிறையச் சொல்லும். லாபியோட்ரோஃபியஸுக்கு மூக்குப் பகுதி தடித்து முன்னே துருத்தி, வாய் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். உடலைச் சாய்க்காமலே பாறைப் பாசியைச் சுரண்டுவதற்கு வாய்த்த அமைப்பு அது. இந்த மூக்கைப் பார்த்துவிட்டால் மீன் நீலமோ ஆரஞ்சோ புள்ளியோ, இனக்குழுவில் சந்தேகமில்லை. அதில் உடல் அகன்றது ஃபுல்லெபோர்னி, மெலிந்து நீண்டது ட்ரெவாவசே. ட்ரோஃபியாப்ஸ் மீன்களின் நெற்றி செங்குத்தாக இறங்கும். லாபிடோக்ரோமிஸுக்கு முகம் கூர்மை, பாறை இடுக்கில் இருக்கும் சிறு பூச்சிகளைப் பொறுக்குவதற்கு ஏற்ற மெல்லிய, முன்னோக்கிய பற்கள். ஸீப்ரா கூட்டத்துக்கு முன்வரிசைப் பற்கள் இரட்டை முனை கொண்டவை. பார்வைக்கு ஸீப்ரா போலவே இருக்கும் சைனோட்டிலாப்பியாவுக்குப் பற்கள் இடைவெளி விட்டு, ஒற்றை முனையோடு கூராக இருக்கும். இறந்துபோன மீனைத் தூக்கி எறியும் முன் ஒரு பூதக்கண்ணாடியால் அதன் பற்களைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கோடுகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றை முதலில் தீர்மானியுங்கள்: பட்டை மேலிருந்து கீழே இறங்குகிறதா, தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிறதா? ஸீப்ரா, டெமசோனி, சவுலோசி முதல் வகை. மெலனோக்ரோமிஸ் இரண்டாம் வகை. இரண்டும் குழம்பிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கலப்பு என்று சந்தேகப்படலாம்.

என் எலக்ட்ரிக் யெல்லோ உண்மையானதா, கலப்பா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், காரணமும் உண்டு. எலக்ட்ரிக் யெல்லோ எனப்படும் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ், ரெட் ஸீப்ரா எனப்படும் மேலாண்டியா எஸ்தரேயோடு எளிதில் கூடிவிடும். பிறக்கும் குஞ்சுகளும் மஞ்சளாகவே இருப்பதால் பெரும்பாலும் எலக்ட்ரிக் யெல்லோ என்ற பெயரிலேயே விலைபோகின்றன.

மீனை ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். முதுகுத் துடுப்பு விரியும்வரை பொறுத்திருங்கள். நல்ல லாபிடோக்ரோமிஸில் அந்தத் துடுப்பின் மேல் விளிம்பை ஒட்டி முன்னிருந்து பின்வரை ஒரு கறுப்புப் பட்டை அறுபடாமல் ஓடும். அதற்கு மேலே நூல்போல ஒரு வெளிறிய ஓரம். வளர்ந்த மீனில், சிறப்பாக ஆணில், வயிற்றுத் துடுப்புகளும் குதத் துடுப்பும் கறுத்திருக்கும். இளம் மீனில் இந்தக் கறுப்பு மங்கலாக இருக்கலாம். கலப்பில் கறுப்பு திட்டுத்திட்டாக விட்டுப் போகும், அல்லது முற்றிலும் இருக்காது.

இப்போது முகத்தைப் பாருங்கள். அசலில் நெற்றி மென்மையாகச் சரிந்து சிறிய கூர்வாயில் முடியும். கலப்பில் முகம் மழுங்கி, வாய் அகன்று, உதடு தடித்திருக்கும். மஞ்சளிலும் வேறுபாடு உண்டு: அசல் எலுமிச்சை மஞ்சள், கலப்பில் ஆரஞ்சுச் சாயல் ஏறும். உடலில் மேலிருந்து கீழாக மங்கிய பட்டைகள் நிலையாகத் தெரிந்தால் ஸீப்ரா இரத்தம் கலந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். வளர்ந்தபின் 10 சென்டிமீட்டரைத் தாண்டிக் கனத்துப் போனாலும் சந்தேகம் வலுக்கிறது.

ஏரியில் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ் எல்லாமே மஞ்சள் என்றும் நினைக்க வேண்டாம். 1956-இல் அறிவியலுக்கு அறிமுகமான இந்த இனம், என்காட்டா விரிகுடாப் பக்கம் வெண்மையாகவே இருக்கிறது. நாம் வளர்க்கும் மஞ்சள், மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பகுதியைச் சேர்ந்த வகை. ரெட் ஸீப்ராவின் கதையும் இப்படித்தான். இயற்கையில் ஆண் பெரும்பாலும் வெளிர்நீலம், பெண்தான் ஆரஞ்சு. ஆணும் பெண்ணும் ஆரஞ்சாக இருப்பவை வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வம்சம்.

மயிங்கானோவுக்கும் ஜோஹான்னிக்கும் என்ன வேறுபாடு?

இரண்டிலும் ஆண் கருநீலத்தில் நீல நீளக்கோடுகள். பெண்ணைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். மயிங்கானோவில், அதாவது மெலனோக்ரோமிஸ் சயனியோராப்டோஸில், பெண்ணும் குஞ்சும் ஆணைப் போலவே நீலம். ஜோஹான்னியின் பெண்ணும் குஞ்சும் ஆரஞ்சு மஞ்சள். தனி ஆணை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்வது கடினம். கோடுகள் திட்டாக உடைந்திருந்தால் ஜோஹான்னியாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

டெமசோனியும் சவுலோசி ஆணும்?

இரண்டுக்கும் பட்டைகள் மேலிருந்து கீழேதான் இறங்கும். ஆனால் டெமசோனியில் ஆண், பெண், குஞ்சு எல்லாம் ஒரே தோற்றம். கூட்டத்தில் மஞ்சள் குஞ்சு பிறந்தால் அது டெமசோனி இல்லை.

பீகாக் பெண் மீன்களை இனம் பிரிப்பது எப்படி?

இதற்கு நேர்மையான பதில்: இனக்குழுவைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது.

ஆலோனோகாராவில் ஆணுக்குத்தான் நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம். பெண் சாம்பல் பழுப்பில் மங்கலான பட்டைகளோடு இருக்கும். ஸ்டூவர்ட்கிராண்டி, பேன்ஷி, ஹான்ஸ்பேன்ஷி ஆகிய மூன்று இனங்களின் பெண்களை ஒரே வாளியில் விட்டால், பல்லாண்டு வளர்த்தவர்களும் நிச்சயமாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அது ஆலோனோகாரா என்பதை உறுதிசெய்ய ஓர் அருமையான அடையாளம் உண்டு. மீனின் தலையைச் சற்றுக் கீழிருந்து பாருங்கள். கன்னத்திலும் கீழ்த்தாடையிலும் வரிசையாகக் குழிகள் தெரியும். மணலுக்கு மேல் அசையாமல் நின்று, உள்ளே நகரும் இரையின் அதிர்வை அந்தக் குழிகளால்தான் அது உணர்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குழிகள் ஒன்றுபோலவே உண்டு.

ஆகவே இரண்டு வகை பீகாக்கை ஒரே தொட்டியில் வைத்துக் குஞ்சு எடுத்து விற்காதீர்கள். பெண்கள் ஒன்றுபோல் இருப்பதால் எந்தப் பெண் எந்த வகை என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். வாய்நிறைய முட்டையைச் சுமக்கும் தாய்மீன் எவருடைய குஞ்சைச் சுமக்கிறது என்பதும் தெரியாது. ஒரு வகை ஆணோடு அதே வகைப் பெண்களைத் தனித் தொட்டியில் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஓபி பீகாக், டிராகன் பிளட் எல்லாம் எந்த ஏரியில் கிடைக்கின்றன?

எந்த ஏரியிலும் கிடைக்காது. ஆரஞ்சு உடலில் கருந்திட்டுகள் விழும் 'ஓபி' தோற்றம் இயற்கையில் ஸீப்ரா, லாபியோட்ரோஃபியஸ் போன்ற ம்புனாக்களில் உண்டு. பெரும்பாலும் பெண்களில்தான் காணப்படும். பெண்ணாக்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இந்தத் திட்டு மரபணுவும் அமைந்திருப்பது 2009-இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது. ஓபி ஆண் இயற்கையில் அபூர்வம். ஏரியில் பீகாக் இனம் எதற்கும் இந்தத் திட்டு இல்லை. ஓபி ம்புனாவையும் பீகாக்கையும் கலந்ததில் பிறந்தவையே ஓபி பீகாக். டிராகன் பிளட், ஸ்ட்ராபெரி போன்றவையும் பண்ணையில் உருவானவைதான்.

அழகான மீன்கள், வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றுக்கு இனப்பெயர் தேடாதீர்கள். அவற்றின் குஞ்சை 'ஸ்டூவர்ட்கிராண்டி' என்று எழுதி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

நிறவகை என்பது வேறு, இனம் என்பது வேறா? மீன் பெயரோடு ஊர்ப்பெயர் ஏன் வருகிறது?

வேறுதான். மிக முக்கியமான கேள்வி இது, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ஏரிகளின் கரை ஒரே சீராக இல்லை. ஒரு பாறைத் தொகுதி, பிறகு நீண்ட மணல், பிறகு இன்னொரு பாறைத் தொகுதி என்று மாறி மாறி வரும். பாறையை நம்பி வாழும் மீன் மணல்வெளியைக் கடந்து போகாது, கடந்தால் பெரிய மீனுக்கு இரையாகிவிடும். அதனால் ஒரே இனம் ஒவ்வொரு பாறைத் தொகுதியிலும் தனித்தனியே அடைபட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. காலப்போக்கில் ஒவ்வொரு இடத்திலும் நிறம் வேறாகிவிடுகிறது. டாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ் மீன்களில் இப்படி இடத்துக்கு இடம் மாறும் வகைகள் ஏராளம். ஒன்றில் சிவப்பு வயிறு, இன்னொன்றில் மஞ்சள் பட்டை, வேறொன்றில் முழுக்கறுப்பு. அந்த வகையைக் குறிக்கத்தான் இனப்பெயருக்குப் பின் பிடிபட்ட இடத்தின் பெயரைச் சேர்க்கிறார்கள்.

ட்ரோஃபியஸ் டுபோய்சி நல்ல எடுத்துக்காட்டு. குஞ்சாக இருக்கும்போது எல்லா வகையும் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள்தான். வளர்ந்தபின் தலை நீலமாகி, தோளில் ஒரு பட்டை விழும். மாஸ்வா வகையில் அது அகன்ற மஞ்சள் பட்டை, வேறு இடத்து மீன்களில் குறுகியதாகவோ வெண்மையாகவோ இருக்கும். புள்ளி போட்ட குஞ்சைப் பார்த்து இது மாஸ்வா என்று யாராலும் சொல்ல முடியாது. விற்பவர் சொல்வதை நம்புவது ஒன்றே வழி. மலாவியில் ஏசெய் மீனும் அப்படியே: எங்காரா பக்கத்தது வெள்ளை வால், எம்சுலி பக்கத்தது மஞ்சள் வால்.

இதில் வளர்ப்பவர் கடமை ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்து வகைகளைக் கலந்துவிட்டால் பிறப்பது அதே இனம்தான், ஆனால் உலகில் எந்தப் பாறையிலும் இல்லாத நிறம். ஒருமுறை கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. இடப்பெயர் தெரியாத மீனுக்குப் படத்தைப் பார்த்து இடப்பெயர் சூட்டுவதும் அதே அளவு தவறு.

'எஃப் 1' என்று எழுதியிருந்தால், ஏரியில் பிடித்த தாய் தந்தைக்கு நேரடியாகப் பிறந்தது என்று பொருள். நம் எல்லையோரக் கடையில் ஒரு சிறு தொகைக்கு 'எஃப் 1' கிடைக்கிறது என்றால் நம்பாதீர்கள்.

வெள்ளை மீன்கள்?

கண்ணைப் பாருங்கள். சிவந்த கண் இருந்தால் நிறமற்ற பிறவி வகை. ஸ்னோ ஒயிட் சோக்கலோஃபி என்று வருவது பெரும்பாலும் அதுதான். கறுத்த கண் இருந்தால் வேறு இனத்தின் வெளிறிய வகையாக இருக்கலாம். வெள்ளை மீனில் கோடும் பட்டையும் மறைந்துவிடுவதால் உடல் வடிவத்தை வைத்து மட்டுமே தீர்மானிக்க முடியும்.

விரல் நீளக் குஞ்சுகள் எல்லாமே பளபளவென்று நிறத்தோடு இருக்கின்றன. வாங்கலாமா?

பீகாக், ஹாப் மீன்கள் என்றால் வாங்காதீர்கள். இந்த ஆண்களுக்கு நிறம் மெதுவாகத்தான் ஏறும். 4 சென்டிமீட்டர் குஞ்சுகள், அதுவும் பையில் இருக்கும் அத்தனையும், முழு நிறத்தில் இருந்தால் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் பாதி பெண்ணாக இருக்கும். உங்கள் தொட்டிக்கு வந்து தீவனம் மாறியதும் நிறம் வடியும். சில மீன்கள் பிறகு இனப்பெருக்கமே செய்யாமல் போகலாம். குறிப்பாக ஸயேனோக்ரோமிஸ் ஃப்ரையெரி எனும் எலக்ட்ரிக் புளூவை வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் சலிப்பாகத் தெரிந்தால் அதுவே நல்ல அறிகுறி.

ம்புனாக்களுக்கு இந்த விதி பொருந்தாது. டெமசோனியும் எலக்ட்ரிக் யெல்லோவும் குஞ்சிலேயே நிறத்தோடுதான் பிறக்கும்.

ஒரே மீனுக்கு மூன்று அறிவியல் பெயர்கள் கிடைக்கின்றன. எது சரி?

ஸீப்ரா மீனைத்தான் கேட்கிறீர்கள். முன்பு சூடோட்ரோஃபியஸ் என்ற பேரினத்தில் இருந்தது. 1984-இல் மேலாண்டியா என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. அது முறைப்படி செல்லாது என்று கருதிய ஆய்வாளர்கள் 1997-இல் மெட்ரியாக்லிமா என்ற பெயரைக் கொடுத்தார்கள். இன்றுவரை இரண்டு பெயர்களும் புழங்குகின்றன, குறிப்பது ஒரே மீனை. டெமசோனி, சவுலோசி, சோக்கலோஃபி ஆகியவை 2016-இல் சிண்டோங்கோவுக்கு மாற்றப்பட்டன. பழைய பெயரில் வாங்கிய மீனுக்குப் புதிய பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் புளூவை இன்றும் 'அலி' என்று விற்கிறார்கள், அந்தப் பெயர் உண்மையில் வேறொரு இனத்துக்கு உரியது.

டாங்கனிக்கா மீன்களில் குழப்பம் தருபவை எவை?

நம் பக்கம் வருபவற்றில் மூன்று. முதலாவது பிரிச்சார்டியும் புல்கெரும்: செவுள் மூடியின் மேல் கறுப்பு அடையாளம் படுத்த ஆங்கில 'T' எழுத்துப்போல் இருந்தால் பிரிச்சார்டி, இரண்டு பிறைக்கோடுகளாக இருந்தால் புல்கெர். இவை இரண்டும் ஒரே இனம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இரண்டாவது, நத்தை ஓட்டில் வாழும் குட்டி மீன்கள். பட்டைகள் செவுளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் மல்ட்டிஃபேசியேட்டஸ், தலையின்மேலும் தொடர்ந்தால் சிமிலிஸ்.

மூன்றாவது ஃப்ரன்டோசா. ஏரியின் தென்பகுதி மீன்களைத் தனி இனமாக, கிப்பெரோசா என்று 2003-இல் பிரித்தார்கள். மேல் பக்கக்கோட்டுக்கும் கீழ்ப் பக்கக்கோட்டுக்கும் இடையே செதில் வரிசை 2 என்றால் ஃப்ரன்டோசா, 3 என்றால் கிப்பெரோசா. உயிருள்ள மீனில் இதை எண்ண நல்ல நெருக்கமான புகைப்படம் வேண்டும். கிகோமா வகைக்குப் பட்டை ஒன்று கூடுதலாக 7 இருக்கும்.

விக்டோரியா ஏரி மீன்கள் ஏன் அரிதாகவே கிடைக்கின்றன?

ஏரியிலேயே அவை அரிதாகிவிட்டன. 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய இரைகொல்லி மீன் பெருகி, 1980களில் அங்கிருந்த சிறு சிக்லிட்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. அதோடு ஏரி நீரும் கலங்கியது. இந்த மீன்களில் பெண், தன் இனத்து ஆணை நிறத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறது. கலங்கல் நீரில் நிறம் தெரியாமல் இனங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கின என்பதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டுத் தொட்டிக்கும் இதில் செய்தி இருக்கிறது. தன் இன ஆண் கிடைக்காத பெண், கிடைத்த ஆணோடு கூடிவிடும். விக்டோரியா இனங்களின் பெண்கள் பீகாக் பெண்களைவிடவும் ஒன்றுபோல் இருக்கும். உங்களிடம் பெயர் உறுதியான நையெரெரெய் கூட்டம் இருந்தால் வேறு எந்த விக்டோரியா மீனையும் அதோடு சேர்க்காதீர்கள்.

நம் ஊர்த் தண்ணீர் நிறத்தை மாற்றுமா?

இனத்தின் நிறத்தை மாற்றாது, உடல்நலத்தைப் பொறுத்துப் பளபளப்பைக் கூட்டும் குறைக்கும். மலாவி, டாங்கனிக்கா மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடினநீர் வேண்டும். மலாவி நீரின் பிஎச் சுமார் 7.7 முதல் 8.6, டாங்கனிக்கா 9-ஐ ஒட்டி இருக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறும். சோறு வேக வைக்கச் சிரமம் தரும் அந்தத் தண்ணீர் இந்த மீன்களுக்கு ஏற்றது. பாலக்காட்டைத் தாண்டி ஒற்றப்பாலம், ஷொரணூர் போனால் செம்பாறை மண்; கிணற்று நீர் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும். அங்கே வளர்ப்பவர்கள் வடிகட்டியில் கிளிஞ்சலோ நொறுக்கிய பவளமோ போட வேண்டும். இங்கிருந்து அங்கே போன மீன் மங்கிவிட்டால் 'போலி கொடுத்துவிட்டார்' என்று சண்டைக்கு வரும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

'அசார்ட்டட்' பையில் வாங்கிய மீன்களை இனம் பிரித்துத் தர முடியுமா?

சிலவற்றை முடியும், பலவற்றை முடியாது. அந்தப் பைகளில் கலப்புக் குஞ்சுகள் நிறைய இருக்கும். வளர்த்து மகிழுங்கள். அவற்றிலிருந்து பிறக்கும் குஞ்சுகளை இனப்பெயர் வைத்து விற்காதீர்கள், 'கலப்பு' என்று எழுதியே கொடுங்கள்.

அடையாளம் கேட்பதற்கு எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

மீன் நேர்ப் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்த நிலையில் இருக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் போதும், கண்ணாடிக்கு நேராக ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். காலையில் தீவனம் போட்ட சற்று நேரத்தில் எடுத்தால் இயல்பான நிறம் கிடைக்கும். ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனிப் படம், முகத்துக்கு ஒரு நெருக்கமான படம், மீனின் நீளம், வயது, வாங்கிய இடம், என்ன பெயரில் வாங்கினீர்கள் என்பது, குஞ்சுப் பருவத்தில் எப்படி இருந்தது என்பது. இவற்றில் கடைசி மூன்றுதான் படத்தைவிடப் பயன்படும்.

வேண்டாத மீன்களை ஆழியாற்றிலோ குளத்திலோ விடலாமா?

ஒருபோதும் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. மிஸ் கேரளா என்று உலகம் விரும்பி வாங்கும் மீனும் இந்த மலைகளுக்கே உரியதுதான். ஜிலேபிக் கெண்டை ஒன்றே நம் குளங்களில் செய்துவரும் சேதம் போதும். ஆழியாற்று நீர் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழைவரை போகிறது, பொள்ளாச்சியில் விட்ட மீன் எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவருக்குச் சும்மா கொடுத்துவிடுங்கள்.

மீனை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது பையில் என்ன எழுத வேண்டும்?

தெரிந்ததை மட்டும். இனப்பெயர், தெரிந்தால் இடப்பெயர், தாய் தந்தையை வாங்கிய இடம், குஞ்சு பிறந்த மாதம். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: 'லாபிடோக்ரோமிஸ் செருலியஸ், மஞ்சள், இடம் தெரியாது, தாய்மீன்கள் பொள்ளாச்சிக் கடையில் வாங்கியவை, தனித் தொட்டியில் பிறந்தவை.' நீர் பட்டால் மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதிப் பையின் வாயைக் கட்டும் ரப்பரில் செருகிவிடுங்கள்.